முதலில் காசு, பிறகு பேச்சு

உங்கள் வீட்டுக்குப் பால் எப்படி வருகிறது? சென்னைக்காரராக இருந்தால் ஆவின் கார்டு என்றொரு சமாசாரம் தெரிந்திருக்கும். மாதத்துக்கான பணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். அப்புறம் தினம் பாக்கெட். விலையும் கொஞ்சம் குறைவு. மளிகை? பல வீடுகளில் அது அண்ணாச்சி கடை நோட்டு. உப்பு, புளி, மிளகாய் எல்லாம் வாங்கிக்கொண்டு, 'நோட்ல எழுதிக்கோங்க' என்று வந்துவிடலாம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போதுதான் தலை சுற்றும். இத்தனை தேங்காயா வாங்கினோம்?

ஆவின் கார்டு, ப்ரீபெய்ட். அண்ணாச்சி நோட்டு, போஸ்ட்பெய்ட். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் உங்கள் வீட்டு டெலிபோன் செலவின் நூற்றுச் சொச்சம் வருடத்துச் சரித்திரமும் புரிந்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன கணக்குப் பாடம். பயப்பட வேண்டாம், இரண்டே நிமிடம்தான். பி.காம். முதல் வருடத்தில் ஒரு விதி சொல்லித் தருவார்கள். முன்கூட்டிப் பெற்ற வருமானம், வருமானக் கணக்கில் வராது. அதைப் பொறுப்புகள் பக்கம்தான் எழுத வேண்டும். அதாவது, கடன் வரிசையில். காசு கைக்கு வந்துவிட்டதே, அப்புறம் எப்படிக் கடன் என்று வகுப்பில் யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார். பொருளை இன்னும் கொடுக்கவில்லையே சார்! கொடுக்கிற வரைக்கும் அது அடுத்தவர் பணம்தானே?

ஆக, நீங்கள் நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிற அந்த நிமிடத்தில் கம்பெனி உங்களுக்குக் கடன்படுகிறது. போஸ்ட்பெய்டில் நீங்கள் கடன்காரர். ப்ரீபெய்டில் அவர்கள் கடன்காரர்கள். இந்தக் கடனை அவர்கள் ஏன் விரும்பி வாங்கினார்கள், எப்படித் தீர்த்தார்கள், தீர்க்காமலே எப்படி அழித்தார்கள் என்பதுதான் கதை. உங்கள் வீட்டில் மாதாமாதம் மிச்சமாகக்கூடிய பணமும் இதற்குள்தான் ஒளிந்துகொண்டிருக்கிறது.

கதை 1889-ல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வங்கியில், காசு போட்டுப் பேசுகிற தொலைபேசி ஒன்றை வைத்தார்கள். உருவாக்கியவர் வில்லியம் கிரே. மனைவிக்கு உடம்பு சரியில்லை, டாக்டரைக் கூப்பிட வேண்டும், அக்கம்பக்கத்தில் போன் கேட்டால் தர மறுத்துவிட்டார்கள், அந்தக் கடுப்பில் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். அவருடைய மெஷினில் ஒரு விசேஷம். முதலில் இணைப்பு கிடைக்கும். அதன் பிறகுதான் காசு போட வேண்டும். எல்லோரும் யோக்கியர்கள் என்று நம்பிச் செய்த மெஷின்!

நம்பிக்கை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1898-ல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி சிகாகோவில் வேறொரு மெஷினை வைத்தது. காசு உள்ளே விழுந்தால்தான் வேலை செய்யும். முதலில் காசு, பிறகு பேச்சு. ப்ரீபெய்ட் பிறந்துவிட்டது. பிறந்ததற்குக் காரணம், வாடிக்கையாளரின் நன்மை அல்ல. அவர் மீதிருந்த சந்தேகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

அடுத்த காட்சி இத்தாலி. 1970-களின் நடுவில் அந்த நாட்டில் பயங்கரச் சில்லறைத் தட்டுப்பாடு. கடைகளில் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்தார்கள். நம்ம ஊர் கடைகளில் 'சில்லறை இல்ல, சாக்லேட் எடுத்துக்கோங்க' என்பார்களே, அதே கதைதான். வங்கிகள் குட்டிக் குட்டிச் செக்குகளை அச்சடித்து விட்டன. இதில் மாட்டிக்கொண்டு இன்னொன்றும் பணமாகப் புழங்க ஆரம்பித்தது. ஜெட்டோனே. பொதுத் தொலைபேசியில் போடுவதற்கென்றே செய்த வில்லை. அப்போது அதன் விலை 50 லிரா. காய்கறி வாங்கினாலும் அதைக் கொடுக்கலாம், காபி குடித்தாலும் கொடுக்கலாம். டெலிபோன் கம்பெனியின் வில்லை, ஊர் முழுக்கக் காசாகவே சுற்றியது.

இன்னொரு பக்கம், காசு போடும் பெட்டிகளை உடைத்துத் திருடுகிற கூட்டம். உடைந்த போனைச் சரிசெய்கிற செலவு, உள்ளே போன காசைவிட அதிகம். இந்த இரண்டு தலைவலிக்கும் ஒரே மருந்தாக 1976-ல் அங்கே ஓர் அட்டை வந்தது. காந்தப் பட்டை ஒட்டிய அட்டை. கடையில் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியது. பேசப் பேச அட்டையில் இருக்கும் மதிப்பு குறைந்துகொண்டே வரும். போன் பெட்டிக்குள் காசே இல்லை. திருடன் என்ன செய்வான், பாவம்!

1982-ல் ஜப்பான் இதைப் பிடித்துக்கொண்டது. அங்கே அட்டை என்பது கலைப் பொருளாகிவிட்டது. பூ, மலை, கோயில், சினிமா நட்சத்திரம் என்று எல்லாவற்றையும் படமாகப் போட்டார்கள். தபால்தலை சேர்க்கிற மாதிரி ஜனங்கள் டெலிபோன் கார்டு சேர்க்க ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவிலும் இதே பைத்தியம் பரவியது.

இங்கேதான் கம்பெனிகளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஒருவர் கார்டு வாங்குகிறார். ஆல்பத்தில் ஒட்டி வைத்துக்கொள்கிறார். பேசவே மாட்டார். இன்னொருவர் முக்கால்வாசி பேசிவிட்டு, மீதியைப் பர்ஸில் மறந்துவிடுகிறார். கம்பெனிக்குப் பணம் வந்துவிட்டது. கொடுக்க வேண்டிய பேச்சைக் கொடுக்கவே இல்லை. கேட்க ஆளில்லாத கடன்! திருட்டுக்குப் பயந்து செய்த அட்டை, திருட்டைத் தடுத்ததோடு நிற்கவில்லை. வட்டியில்லாத முன்பணமும், திருப்பித் தர வேண்டாத மிச்சமும் சேர்த்துக் கொண்டுவந்தது.

சரி, அதே காலகட்டத்தில் நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது?

இங்கே முதல் பிரச்னை, போனே கிடைக்காது. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த பிறகு வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. அவசரம் ஏற ஏற விலையும் ஏறும். புக் செய்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கே வந்து, 'எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?' என்பார். அப்போதே நம்மவர்கள் சிக்கனத்தில் கெட்டிக்காரர்கள். பி.பி. கால் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட நபர் இருந்தால் மட்டும் இணைப்பு. இல்லாவிட்டால் சொற்பக் கட்டணம். வீட்டில் இல்லாத ஒரு பெயரைச் சொல்லி புக் செய்வார்கள். 'அப்படி யாரும் இல்லையே' என்று எதிர்முனை சொன்னால் முடிந்தது. ஊர் போய்ச் சேர்ந்தாகிவிட்டது என்று அர்த்தம். மிஸ்டு காலுக்குத் தாத்தா!

1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு வந்தது. ஆபரேட்டர் இல்லாமல் நாமே நேரடியாக டயல் செய்யலாம். மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்கும் பரவியது. வசதிதான். கூடவே ஒரு வில்லங்கமும் வந்தது. ஆபரேட்டர் இருந்தவரை மூன்று நிமிடம் ஆனால் ஓர் எச்சரிக்கையாவது கிடைக்கும். இப்போது அதுவும் போச்சு. எவ்வளவு ஓடியிருக்கிறது என்று சொல்ல யாருமில்லை.

மின்சாரத்துக்கு மீட்டர் உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் தெரியும். டெலிபோனுக்கு மீட்டர் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. பேசினது நீங்கள், எண்ணினது அவர்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு காகிதம் வரும். அதில் எழுதியிருப்பதுதான் நீங்கள் பேசியது. 'நாங்க இவ்வளவு பேசவே இல்லை சார்' என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்த குடும்பங்கள் எத்தனை! முதலில் பில்லைக் கட்டு, அப்புறம் புகார் கொடு. கட்டாவிட்டால் லைன் கட்.

இந்தத் தகராறு நீதிமன்றத்துக்கும் போனது. 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. டெலிபோன் பில் தகராறுகளுக்குப் பழைய இந்தியத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவிலேயே மத்தியஸ்தத்துக்கு வழி இருக்கிறது, அதனால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்றது. இன்னொரு வழக்கில், 2022-ல்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. நுகர்வோர் நீதிமன்றங்களும் இத்தகைய புகார்களை விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. நடுவில் பதிமூன்று வருடம்.

எண்ணுகிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட நம் குடும்பத் தலைவர்கள் சும்மா இருப்பார்களா? டயல் ஓட்டையில் ஒரு குட்டிப் பூட்டு போட்டார்கள். சாவி அப்பாவின் பூணூலிலோ அம்மாவின் இடுப்பிலோ தொங்கும். பிள்ளைகள் மட்டும் சும்மா இருப்பார்களா? ரிசீவர் வைக்கும் கட்டையை 'டக் டக்' என்று தட்டியே நம்பர் போடக் கற்றுக்கொண்டார்கள். ஐந்து தட்டு தட்டினால் ஐந்து. பூட்டு பூட்டினபடியே இருக்கும், பில் மட்டும் ஏறும்.

இந்த இருட்டில் முதல் வெளிச்சம் மஞ்சள் நிறத்தில் வந்தது. எஸ்.டி.டி. - ஐ.எஸ்.டி. - பி.சி.ஓ. என்று எழுதிய அந்த மஞ்சள் போர்டு. 1984-ல் சி-டாட் நிறுவனம் உருவானதும், சாம் பிட்ரோடா அதற்குப் பின்னால் நின்றதும், 1980-களின் கடைசியிலிருந்து ஊருக்கு ஊர் பூத்துகள் முளைத்ததும் பலமுறை எழுதப்பட்ட விஷயங்கள்தான். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. சிவப்பு எழுத்தில் எண்கள் ஓடும் அந்தச் சின்னப் பெட்டி.

முதன்முதலாக, பேசுகிறவனே தன் கண்ணால் தன் செலவைப் பார்த்தான். எத்தனை விநாடி, எத்தனை ரூபாய், எல்லாம் அங்கேயே. 'சரிடா, இருபது ரூபா ஆயிடுச்சு, வச்சிடறேன்.' எத்தனை காதல்கள், எத்தனை சம்பந்தப் பேச்சுகள் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்து முடிவுக்கு வந்திருக்கும்! இரவு ஏற ஏற அரைக் கட்டணம், கால் கட்டணம் என்று இறங்கும். அதற்காகவே ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பூத் வாசலில் கூட்டம் நிற்கும். வீட்டில் போன் வைத்திருந்தவர்கள்கூட பூத்துக்கு வந்து பேசினார்கள். காரணம் இதுதான். வீட்டு போனில் கணக்கு தெரியாது. இங்கே தெரியும்.

1995 ஜூலை 31. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் மொபைலில் பேசினார். நாட்டின் முதல் மொபைல் அழைப்பு. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம். நீங்கள் கூப்பிட்டாலும் காசு, உங்களை யாராவது கூப்பிட்டாலும் காசு. 'ராங் நம்பர்' என்று சொல்வதற்கே பணம் கொடுத்த காலம் அது. மாத வாடகை, டெபாசிட், விலாசத்துக்கு ஆதாரம் என்று ஏகப்பட்ட சடங்குகள் வேறு. மத்தியதரக் குடும்பம் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்தது.

அதே 1995-ல் போர்ச்சுகலில் டி.எம்.என். என்ற கம்பெனி 'மீமோ' என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. ரீசார்ஜ் செய்யக்கூடிய மொபைல் இணைப்பு. மாத பில் கிடையாது. அடுத்த வருடம் தென்னாப்பிரிக்காவில் வோடாகாம் இதே வழியில் இறங்கியது. அங்கே ஜனங்களில் பெரும்பகுதிக்கு வங்கிக் கணக்கே இல்லை. பில் அனுப்பினால் எங்கிருந்து வசூல் செய்வது? வாராக்கடன் பயம். மறுபடியும் அதே பழைய சந்தேகம்தான். 1898-ல் சிகாகோவில் இருந்தது, நூறு வருடம் கழித்து ஜோஹன்னஸ்பர்க்கில் தலை காட்டியது.

இந்தியாவுக்கும் 1990-களின் கடைசியில் ப்ரீபெய்ட் வந்தது. சுரண்டினால் நம்பர் தெரிகிற அட்டை. ஒரு விஷயம் கவனியுங்கள். ஆரம்பத்தில் போஸ்ட்பெய்டைவிட ப்ரீபெய்டில் நிமிடக் கட்டணம் அதிகம். பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் வரி, கட்டணம் எல்லாம் போக ஏழு ரூபாய் சொச்சம்தான் பேசக் கிடைக்கும். கணக்குப்படி பார்த்தால் முட்டாள்தனம். ஆனாலும் ஜனங்கள் அதைத்தான் எடுத்தார்கள். இந்தியாவில் பத்து மொபைல் இணைப்பில் ஒன்பதுக்கு மேல் ப்ரீபெய்ட் என்ற நிலை உருவானது. ஏன்?

பதில் கடலூரில் இருக்கிறது. கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன்தான் சாஷே பாக்கெட்டின் முன்னோடி. அந்த வழியில் வந்ததுதான் அவருடைய குடும்பத்தின் ஷாம்பு பாக்கெட். மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பாட்டில்தான் லாபம். ஆனால் தினக்கூலிக்காரர் கையில் பாட்டில் வாங்கப் பணம் சேராது. பாக்கெட் வாங்கலாம். இன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டால் இன்றைக்கு மட்டும் காசு. பத்து ரூபாய் ரீசார்ஜும் ஒரு சாஷேதான். நிமிடத்துக்கு நாலணா அதிகம் என்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய விஷயமில்லை. மாதக் கடைசியில் எதிர்பாராத பில் வந்து பள்ளிக்கூட ஃபீஸைத் தின்றுவிடாது என்பதுதான் பெரிய விஷயம். போன் பூட்டின் சாவியை அப்பாவிடமிருந்து வாங்கி, ஓர் அட்டைக்குள் வைத்துவிட்டார்கள்.

வீட்டு லேண்ட்லைனுக்கும் இந்த வித்தை வந்தது. 2000-ல் உருவான பி.எஸ்.என்.எல்., 'இந்தியா டெலிபோன் கார்டு' என்று ஒன்றை விற்றது. ஐ.டி.சி. கார்டு என்பார்கள். எஸ்.டி.டி. வசதி இல்லாத போனிலிருந்தும் அந்தக் கார்டின் ரகசிய எண்ணை அழுத்தி வெளியூருக்குப் பேசலாம். பல வீடுகளில் இப்படித்தான் பட்ஜெட் போட்டார்கள். லேண்ட்லைனில் எஸ்.டி.டி.யை மூடிவிட வேண்டியது. வெளியூர்ப் பேச்சுக்கு மாதம் ஒரு கார்டு. தீர்ந்தால் அடுத்த மாதம்தான். பில்லில் வாடகையும் உள்ளூர் அழைப்பும் மட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மாரடைப்பு நின்றது.

கடல் கடந்து போனவர்களின் கதை இதைவிட உருக்கமானது. 1990-களில் இங்கிருந்து அமெரிக்காவுக்குப் பேச நிமிடத்துக்கு அறுபது ரூபாய்க்கு மேல். வெளிநாட்டு அழைப்பில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் 2002-ல்தான் முடிந்தது. அதனால் அங்கிருந்துதான் கூப்பிட வேண்டும். டொரன்டோவின் ஸ்கார்பரோவிலும் லண்டனிலும் இருந்த தமிழ்க் கடைகளில் மரவள்ளிக்கிழங்குக்கும் கருவாட்டுக்கும் பக்கத்தில் கலர் கலராகத் தொங்கும், சர்வதேச காலிங் கார்டுகள். கம்பெனிகள் மொத்த விலைக்கு நிமிடங்களை வாங்கிச் சில்லறையில் விற்றன. 'ஐந்து டாலருக்கு இத்தனை நிமிடம்!' என்று போஸ்டர். ஊரில் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அந்தக் கார்டைத்தான் நம்பியிருந்தார்கள்.

போஸ்டரில் போட்ட நிமிடம் கிடைத்ததா? 2008-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் சில கார்டு கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. கார்டுகளை வாங்கிச் சோதித்துப் பார்த்தபோது, விளம்பரம் செய்த நிமிடங்களில் சராசரியாகச் சுமார் பாதிதான் கிடைத்திருக்கிறது. மிச்சம் எங்கே போனது? போனை வைத்தால் ஒரு கட்டணம். கார்டு சும்மா கிடந்தால் வாராவாரம் 'பராமரிப்பு' என்று ஒரு கட்டணம். எல்லாம் கார்டின் பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில். கடன் கொடுத்தவன் புலம்பெயர்ந்த ஏழைத் தொழிலாளி. கடன் வாங்கியவன் கோட்டு போட்ட கம்பெனி. பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியை அழித்துவிட்டான்.

இந்தியாவுக்குத் திரும்பலாம். 2003 மே 1-ம் தேதி முதல் மொபைலில் இன்கமிங் இலவசம் ஆனது. அன்றைக்குத்தான் மிஸ்டு கால் என்ற மகத்தான இந்தியக் கலை முழுமையடைந்தது. ஒரு ரிங் என்றால் வந்துட்டேன், இரண்டு ரிங் என்றால் கீழே வா, மூன்று ரிங் என்றால் நீயே கூப்பிடு. கம்பெனியின் கம்பியில் ஏறி, காசு கொடுக்காமல் இறங்கிவிடுகிற வித்தை. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். 'ஒன் இந்தியா' திட்டம் கொண்டுவந்தது. நாடு முழுக்க நிமிடம் ஒரு ரூபாய். 2009-ல் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு காசு என்று இறங்கியது. நிமிடக் கணக்கில் 61 விநாடி பேசினால் இரண்டு நிமிடம், இரண்டு ரூபாய். விநாடிக் கணக்கில் அறுபத்தொரு காசு. பேசாத ஐம்பத்தொன்பது விநாடிக்கு இத்தனை நாள் காசு கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. மற்ற கம்பெனிகளும் வேறு வழியில்லாமல் விநாடிக்கு வந்தன.

நடுவில் 'லைஃப்டைம்' என்றொரு கூத்தும் நடந்தது. 2005 கடைசியில் ஆரம்பித்த அலை. ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகக் கட்டினால் ஆயுள் முழுக்க இன்கமிங். அவ்வப்போது சின்ன ரீசார்ஜ் போதும். வீட்டுக்கு வீடு பாட்டிக்கு ஒரு லைஃப்டைம் சிம் வாங்கிக் கொடுத்தார்கள். யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டியின் ஆயுள் இல்லையாம். கம்பெனியின் லைசென்ஸ் ஆயுளாம்!

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டாவுக்கு மட்டும் காசு என்றது. விலைப்போரில் பல கம்பெனிகள் காணாமல் போயின. மிஞ்சியவர்கள் 2018 கடைசியில் ஒரு காரியம் செய்தார்கள். ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன. 28 நாளைக்கு 35 ரூபாய். போடாவிட்டால் அவுட்கோயிங் போகும், அப்புறம் இன்கமிங்கும் போகும். கணக்கில் பணம் கிடந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை வந்தது. புகார்கள் குவிந்து, கடைசியில் டிராய் தலையிட்டு, போதுமான பணம் இருப்பவர்களைத் துண்டிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது நம் பி.காம். பாடத்துக்கு வாருங்கள். பாட்டியின் கணக்கில் கிடக்கும் பணம் யாருடையது? கம்பெனியின் பொறுப்புகள் பக்கத்தில் இருக்கும் கடன். அந்தக் கடனைத் திருப்பித் தராமலே கழிக்க ஒரே ஓர் உபாயம்தான் உண்டு. கடனுக்குக் கெடு வைப்பது. அந்தக் கெடுவின் பெயர்தான் வேலிடிட்டி.

உலகத்தில் எல்லாக் கடனுக்கும் கெடு, வாங்கியவனுக்குத்தான். அதற்குள் நீ கொடுக்க வேண்டும் என்று. இங்கே மட்டும் கெடு கொடுத்தவனுக்கு. இந்தத் தேதிக்குள் நீ வாங்கிக்கொள்ளாவிட்டால் உன் கடன் செல்லாது! இப்படி ஒரு வட்டிக்கடை இருந்தால் நீங்கள் அந்தப் பக்கமே போகமாட்டீர்கள்.

ஏன் 28 நாள் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? மாதம் ஒரு ரீசார்ஜ் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். 28-ஐப் பதிமூன்றால் பெருக்குங்கள். 364. அதாவது வருடத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதிமூன்று ரீசார்ஜ். வீட்டுக்காரர் பதிமூன்று மாத வாடகை கேட்டால் சண்டைக்குப் போவோம். 2022 ஜனவரியில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டமும் இருக்க வேண்டும். திட்டங்கள் வந்தன. ஆனால் கடையில் போய் நின்றால் முதலில் காட்டுவது என்னவோ அந்தப் பழைய 28-ஐத்தான்.

2024 ஜூலையில் விலைகள் ஏறின. ஏர்டெல்லின் 28 நாள் 179 ரூபாய் பேக் 199 ஆனது. பேச்சோடு டேட்டாவும் சேர்ந்த பேக். உங்கள் வீட்டுப் பாட்டி பட்டன் போன் வைத்திருக்கிறார். அவருக்கு எதற்கு டேட்டா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. நாட்டில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் சுமார் 15 கோடி பேர் என்று டிராயே சொன்னது. அத்தனை பேரும் திறக்காத பொட்டலத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் டிராய் மறுபடி உத்தரவு போட்டது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். வேலிடிட்டி ஒரு வருடம் வரை வைக்கலாம்.

2025 ஜனவரியில் திட்டங்கள் வெளிவந்தன. ஏர்டெல்லில் பேச்சு மட்டும், 365 நாளுக்கு 1,849 ரூபாய். ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். 199-ஐப் பதிமூன்றால் பெருக்கினால் 2,587. கழித்தால் 738 ரூபாய் மிச்சம். ஒரு பாட்டிக்கு. தாத்தாவும் பட்டன் போன்தான் என்றால் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு. ஒரு மாத பி.பி. மாத்திரைக்கு ஆகும். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கணக்குப் போடும் விதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விதம் ரொம்பச் சுலபம். ரீசார்ஜ் கடையிலோ போன் திரையிலோ மூன்று கேள்வி. ஒன்று, மொத்த விலையை நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? இரண்டு, இதில் நம் வீட்டில் யாரும் தொடாத பண்டம் எது? மூன்று, தீராமல் மிச்சமிருந்தால் அது யாருக்குப் போகிறது? வீட்டில் நாலு சிம் இருந்தால் நாலுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். காலேஜ் போகும் பையனுக்குப் பொருந்துகிற பேக் பாட்டிக்குப் பொருந்தாது. ஓ.டி.பி. வருவதற்காக மட்டும் உயிரோடு வைத்திருக்கும் இரண்டாவது சிம்முக்குத் தினம் இரண்டு ஜி.பி. எதற்கு?

ஆவின் கார்டுக்காரர் பணம் வாங்கிக்கொண்டு பாலைத் தராவிட்டால் விடிகாலையில் டெப்போ வாசலில் நின்று சத்தம் போடுகிறோம். ஏனென்றால் அது நம் பால் என்று நமக்குத் தெரியும். ரீசார்ஜ் செய்த பணமும் அப்படித்தான். கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலேயே அது உங்கள் பெயரில் கடனாகத்தான் எழுதப்படுகிறது. கடன் கொடுத்தவர் நீங்கள். கொஞ்சம் அதட்டிக் கேட்டால்தான் என்ன?